ஈட்டி மரமும் அதன் போலிகளும்

சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளி ஊர்களில் மனைப்பொருள்களுக்கு வழங்கும் சொற்களைத் தொகுக்கும் பணியில் எம் துறை மாணவர் சிலர் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஈடுபட்டிருந்தனர். தொட்டில், பெட்டகம், ஊஞ்சற்பலகை, மரக்கால், பல்லாங்குழிப் பலகை, அஞ்சறைப்பெட்டி முதலியவற்றை நேரிற் கண்டு, பொருளின் பெயர், அதன் உறுப்புகளின் பெயர், அது செய்யப்பட்ட மரத்தின் பெயர் ஆகிய மூன்றனையும் வீட்டார் வாய்மொழிப்படியே எழுதிக்கொள்வது அவர்கள் மேற்கொண்ட முறை. மரத்தின் பெயர் எழுதும் இடத்தில் 'ஈட்டி' என்னும் சொல்லும், அதற்கு ஈடாக 'ரோஸ்வுட்' என்னும் சொல்லும் பன்முறை வந்தன. அவற்றை அவ்வாறே ஏற்று, மலைமரம் சமவெளி மனைகளுக்குப் பெருவரவாக வந்ததென்றும், கொல்லிமலைக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே நிகழ்ந்த வாணிகத்துக்கு அச் சொல்வழக்கு சான்றென்றும் ஓர் ஆய்வேட்டில் முடிவு எழுதப்பட்டது. நெறியாளர் என்னும் முறையில் யாமும் அதற்கு உடன்பட்டோம்.

பட்டியலில் ஈட்டி எனக் குறிக்கப்பெற்ற தொட்டில் ஒன்றன் கால் பின்னர் முறிந்தது. நாமக்கல்லை அடுத்த சிற்றூரில் அதனைச் செப்பனிட வந்த முதிய தச்சர், யாம் அருகில் நின்று மாணவரிடம் 'ஈட்டி' என்று கூறியதைக் கேட்டு நகைத்தார். "இதக் கவுத்து அடிப்பக்கம் பாத்தீங்களா, வாத்தியாரய்யா? இது வாகைங்க. சாயம் ஏத்திப் பாலீசு போட்டிருக்குதுங்க" என்றார். தொட்டிலைக் கவிழ்த்து, கண்ணுக்குத் தோன்றாத ஓரிடத்தில் உளியால் மயிரிழை அளவு சீவியுங் காட்டினார். புறத்தே கருஞ்செம்மை; அகத்தே தவிட்டு நிறம். வீட்டார் பொய்யுரைத்தாரல்லர். மூதாதையர் சொன்னதை அவர்கள் சொன்னார்கள். மூதாதையருக்கு அதனை விற்றவர் யாது சொன்னாரோ, அறியோம். பிழை எம்முடையது. சொல்லைக் கேட்டு எழுதிய யாம் பொருளைப் பார்த்திலேம்.

அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை. மரவியல் நூலார்க்கு இதிற் பெரும்பகுதி புதிதன்று. ஆயினும் அகராதி தொகுப்போரும், பழம்பதிவுகளை மொழிபெயர்ப்போரும், நாட்டுப்புறக் கைவினை குறித்து ஆய்வேடு எழுதுவோரும் ஆகிய எம் துறையினர்க்கு இது பயன்படும் என்று கருதுகிறோம்.

ஈட்டி என்பது யாது? பயிர்நூலார் டால்பெர்ஜியா லாட்டிபோலியா எனப் பெயரிட்ட மரம் அது. அப்பெயரை இட்டவர் சோழமண்டலக் கரைப் பயிர்களை ஆராய்ந்த ராக்ஸ்பர்க். பெயரின் முற்பகுதி சுவீடன் நாட்டு டால்பெர்க் உடன்பிறந்தாரின் நினைவாக வந்தது. பிற்பகுதி 'அகன்ற இலையுடையது' எனப் பொருள்படும். அவரை இனத்தைச் சேர்ந்த இம்மரம் இலையுதிர் காடுகளில் ஓங்கி வளர்வது. ஒரு காம்பில் மாறிமாறி அமைந்த ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், வெண்மையான சிறு பூக்கள், தட்டையான மெல்லிய காய்கள் ஆகியவற்றால் உயிர்மரத்தை எளிதில் அறியலாம். மேற்குத் தொடர்ச்சி மலையே இதன் பெருநிலம். கிழக்குத் தொடர்ச்சியைச் சார்ந்த சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவற்றிலும் இது காணப்படும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட வறண்ட சமவெளி இதற்கு உரிய நிலமன்று. வேம்பும் புளியும் வெள்வேலும் கருவேலும் வாகையுமே அங்கு இயல்பாக நிற்பன. ஆகவே சமவெளி வீடு ஒன்றில் ஈட்டிப் பொருள் உளதாயின் அது மலையினின்று இறங்கி வந்ததாதல் வேண்டும். எம் ஆய்வேட்டு முடிவின் முதற்கூறு இந்த அளவில் பிழையன்று. 'உளதாயின்' என்னும் சொல்லிலேதான் வழுவினோம்.

இனிப் பெயர்களைக் காண்போம். தமிழில் ஈட்டி, தோதகத்தி, நூக்கம் அல்லது நூக்கு என மூன்று பெயர்கள் இதற்கு வழங்குகின்றன. மலையாளத்தார் ஈட்டி என்றும் வீட்டி என்றும் கூறுவர். கன்னடத்தில் பீட்டெ என்பது வழக்கு. இம்மூன்றும் ஒரே வேரினவாதல் வெளிப்படை. எறியும் படைக்கலமாகிய ஈட்டிக்கும் மரமாகிய ஈட்டிக்கும் தொடர்பு கற்பித்து, 'ஈட்டிக்காம்பு செய்தற்கு உதவியதால் ஈட்டி' என்று வகுப்பறைகளில் விளக்கம் கூறப்படுவதுண்டு. வீட்டி, பீட்டெ என்னும் இனமொழி வடிவங்கள் இருத்தலின் அவ்விளக்கத்தை எளிதில் ஏற்றல் இயலாது. தோதகம் என்பதற்கு வஞ்சகம் என்னும் பொருள் உண்டு. அதனைக் கொண்டு 'ஏமாற்றும் மரமே தோதகத்தி' என்று வேர்ச்சொல் காண முற்படுவாரும் இருக்கலாம். அங்காடியில் இம்மரம் படும் பாட்டைக் காணுங்கால் அவ்வேர் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் பொருத்தம் வேறு, சொல்லாராய்ச்சி வேறு.

நூக்கம் என்பதே பெரிதும் இடர் தருவது. சில பட்டியல்கள் இச்சொல்லை ஈட்டிக்கும், சில பட்டியல்கள் வடநாட்டுச் சீசம் என்னும் டால்பெர்ஜியா சிஸ்ஸூவுக்கும் உரியதாக்கும். இரண்டும் ஓரினத்து உடன்பிறப்புகளே. ஆயினும் வேறு மரங்கள். இக்குழப்பம் நேர்ந்தமைக்குக் காரணம் பட்டியல்கள் தொகுக்கப்பட்ட முறையே என்பது எம் கருத்து. 19-ஆம் நூற்றாண்டில் காட்டுத்துறை அலுவலர் தாம் தாம் சென்ற காடுகளில் உடன்வந்தோர் கூறிய பெயர்களைக் குறித்துக்கொண்டனர். கேம்பிள் 1881-இல் வெளியிட்ட இந்திய மரங்களைப் பற்றிய கையேடு போன்ற பெருநூல்களில் அவ்வட்டாரப் பெயர்கள் 'தமிழ்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டன. நீலகிரியில் வழங்கிய பெயரும் திருநெல்வேலியில் வழங்கிய பெயரும் அருகருகே நின்றன, இடக்குறிப்பு மறைந்தது. பின்வந்தோர் அவ்வடுக்கை ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டனர். வட்டார வேறுபாடு ஒருபொருட் பன்மொழியாக மாறிய கதை மரப்பெயரில் மட்டுமன்று, மீன்பெயரிலும் நெல்வகைப் பெயரிலும் உண்டு. அதனை ஈண்டு விரிப்பிற் பெருகும்.

ஆங்கிலப் பெயர்களால் விளைந்த கேடு இதனினும் பெரிது. ரோஸ்வுட் என்பதை 'ரோஜா மரம்' எனவும், ஒருவர் 'ரோஜா நிற மரம்' எனவும் மொழிபெயர்த்திருக்கக் கண்டோம். நிறத்தால் வந்த பெயரன்று அது. புதிதாக அறுத்த இவ்வினத்து மரங்களிற் சில வீசும் இனிய மணத்தால் வந்தது. இப்பெயர் ஈட்டிக்கு மட்டும் உரியதுமன்று. பிரேசில் நாட்டு டால்பெர்ஜியா நைக்ரா முதலாகப் பல மரங்கள் இப்பெயர் பெறும். பிரேசில் மரம் அருகியபோது அமெரிக்காவின் மார்ட்டின் கித்தார் நிறுவனத்தார் 1969-இல் அதனை விட்டு நம் ஈட்டிக்கு மாறினர். இன்றும் பல கித்தார்களின் முதுகும் விலாவும் ஈட்டியால் ஆவன.

சென்னை மாகாணக் காலத்து ஆங்கிலப் பதிவுகளோ ஈட்டியைப் பெரிதும் 'பிளாக்வுட்' என்றே குறித்தன. பம்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்க்கென நுண்ணிய செதுக்கு வேலைப்பாட்டுடன் செய்யப்பட்ட 'பிளாக்வுட்' நாற்காலிகளும் மேசைகளும் ஈட்டியால் ஆனவையே. 'பிளாக்' என்பது கருமை, 'வுட்' என்பது மரம். ஆகவே கருங்காலி என்று மொழிபெயர்ப்பாளர் கொண்டுவிடுகின்றனர். மாவட்டக் கையேடுகளையும் வனத்துறை அறிக்கைகளையும் தமிழாக்கும் மாணவர் ஏடுகளில் இப்பிழையை மீண்டும் மீண்டும் திருத்தியுள்ளோம். கருங்காலி வேறு மரம், வேறு குடும்பம். இதற்குமேலும் ஓர் இடர் உண்டு. ஆஸ்திரேலியாவினின்று நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட அக்கேசியா மெலனாக்சிலான் என்னும் மரமும் பிளாக்வுட் எனவே பெயர்பெறும். ஆகவே நீலகிரிப் பதிவொன்றில் அச்சொல்லைக் காணின், காட்டிற் பிறந்ததா நட்டு வளர்த்ததா என்பதையும் நோக்கிய பின்னரே ஈட்டி என்று எழுதல் வேண்டும்.

கருங்காலியும் ஒரு பொருளில் நில்லாத சொல்லே. மர வாணிகர் அச்சொல்லால் டயோஸ்பைரோஸ் எபெனம் என்னும் கரிய மரத்தைக் குறிப்பர். சித்த மருத்துவரோ காசுக்கட்டி தரும் வேலின மரத்தைக் குறிப்பர். அண்மைக் காலத்தில் கருங்காலி மாலை அணிவார் பெருகியுள்ளனர். அவர் கழுத்திற் கிடப்பது இவ்விரண்டனுள் எது, அல்லது இரண்டுமன்றிச் சாயமேற்றிய வேறொரு மரமா என்று அறிய விழைவார்க்கும் பின்வரும் அடையாளங்கள் ஓரளவு துணை செய்யும்.

பெயர் துணை செய்யாதவிடத்து மரத்தையே கேட்டல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் அகத்தே காழ் உடையனவற்றை மரம் என்றும், புறத்தே காழ் உடையனவற்றைப் புல் என்றும் பிரித்தது. பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லாயினமை அதனாலே. அக்காழையே தச்சர் வைரம் என்றும் சேகு என்றும் கூறுவர். அதனைச் சூழ்ந்த மென்பகுதி வெள்ளை எனப்படும். ஈட்டியின் வெள்ளை குறுகியது. மங்கிய மஞ்சள் நிறத்தது. வைரமோ பொன்பழுப்பு முதல் ஆழ்ந்த ஊதாக்கருமை வரை பல சாயலுடையது. இடையிடையே கருங்கோடுகள் ஓடும். நாட்பட நாட்பட நிறம் கருக்கும். வெள்ளையும் வைரமும் கலந்து நிற்கும் பலகையில் இரண்டற்கும் இடையே எல்லை கூர்மையாகத் தோன்றும். இங்ஙனம் நிறம் ஒரு சான்றே. ஆயின் நிறம் ஒன்றே சான்றாகாது. சாயம் எந்நிறத்தையும் தரும். எம்மை ஏமாற்றியதும் அதுவே.

அடுத்தது எடை. நன்கு உலர்ந்த ஈட்டி ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 23 அல்லது 24 கிலோ இருக்கும். தேக்கு 18 கிலோ அளவில் நிற்கும். வாகையும் ஏறக்குறைய அவ்வளவே. ஈட்டி நாற்காலியைத் தூக்குவார் அதன் உருவுக்கு மிஞ்சிய கனத்தை உணர்வர். 'நீரில் அமிழ்ந்தால்தான் ஈட்டி' என்று சில பட்டறைகளிற் கூறக் கேட்டோம். அது பிழை. உலர்ந்த ஈட்டி பொதுவாக மிதக்கும். நீரில் அமிழ்வன கருங்காலியும் செஞ்சந்தனமும் போன்றவை. இப்பிழையான சோதனையால் மெய்யான ஈட்டியைப் போலி என்று தள்ளியவரும் உண்டு. கருவேலின் வைரமும் எடையில் ஈட்டிக்கு நிகராகும். ஆதலின் எடை தேக்கையும் வாகையையும் விலக்க உதவுமேயன்றி ஈட்டியை நிறுவ உதவாது.

உறுதியான அடையாளங்கள் மரத்தின் குறுக்குவெட்டில் உள்ளன. மேசையின் மேற்பரப்பை எத்துணை நேரம் நோக்கினும் பயனில்லை. பலகையின் முனை, இழுப்பறையின் உட்பக்கம், காலின் அடி ஆகியவற்றைத் தேடல் வேண்டும். அங்கே கூரிய உளியாலோ சவர அலகாலோ நகக்கண் அளவு சீவி, சிறிது நீர் தொட்டு, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடியால் நோக்குக. ஈட்டியில் நுண்துளைகள் வெறுங்கண்ணுக்கும் புலப்படும் அளவின. ஆயின் மிக நெருங்கியவை அல்ல. பரப்பெங்கும் சிதறி, தனித்தும் இரண்டு மூன்றாய்ச் சேர்ந்தும் நிற்கும். அத்துளைகளினின்று இருபுறமும் சிறகுபோல் வெளிறிய கோடுகள் விரிந்து, அடுத்த துளையின் சிறகோடு கூடி, அலைபோல் நெளிந்து செல்லும். வாகையிலோ ஒவ்வொரு பெருந்துளையையும் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தனித்தனியே கண்போல் நிற்கும். பெரும்பாலான இடங்களில் ஒரு கண் மற்றொரு கண்ணோடு கூடுவதில்லை. இவ்வேறுபாட்டை ஒருமுறை இரண்டையும் அருகருகே வைத்துக் கண்டவர் பின்னர் மறவார். எம் மாணவியர் ஒருவர் வாகையை 'மயிற்பீலி' என்றும் ஈட்டியை 'ஆற்றுமணல்' என்றும் குறித்துக்கொண்டார். யாமும் இப்பொழுது அவ்வாறே வழங்குகிறோம்.

இதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. ஈட்டியின் பலகைமுகத்தில், அதாவது மரத்தின் பட்டைக்கு இணையாக அறுத்த பக்கத்தில், குறுக்காக மிக நுண்ணிய வரிகள் காற்றால் நீர்மேல் எழும் சிற்றலைபோல் ஒழுங்காக அமைந்திருக்கும். மரத்தின் ஆரக்கதிர்கள் ஒரே உயரத்தனவாய் அடுக்கடுக்காக நிற்றலால் தோன்றுவன அவை. ஒரு மில்லிமீட்டருக்குள் பல வரிகள் அடங்கும். கண்ணாடியின்றிக் காண்டல் அரிது. தேக்கில் இவை இல்லை; வாகையில் இல்லை; தூங்குமூஞ்சியில் இல்லை; கருங்காலியிலும் இல்லை. ஆகவே சிற்றலை வரிகள் காணப்படாவிடின் அப்பொருள் ஈட்டியன்று எனத் துணியலாம். காணப்படின், ஈட்டியாகவும் இருக்கலாம், சீசமாகவும் இருக்கலாம், வேங்கையாகவும் இருக்கலாம். இம்மூன்றற்கும் அவ்வடுக்கமைப்பு பொது.

மூன்றனுள் வேங்கையைப் பிரித்தல் எளிது. சங்கப் புலவர் குறிஞ்சி நிலத்துக்கு உரிமையாக்கிய பொன்மலர் வேங்கை அதுவே. வெட்டுவாயிற் செந்நிறப் பிசின் ஒழுகும். வைரம் மஞ்சள் கலந்த பழுப்பு; ஈரம் பட்டால் மஞ்சட்கறை விடும். ஊதாச் சாயல் அதற்கில்லை. சீசத்தைப் பிரித்தல் சற்று அரிது. சீசம் பெரும்பாலும் பொன்பழுப்போ கரும்பழுப்போ ஆகும். ஈட்டிக்கே உரிய ஊதா அதிலும் இல்லை. இவ்விடத்துப் பட்டறை வழக்கம் ஒன்று கைகொடுக்கின்றது. சாயமேற்றாத ஈட்டியின்மேல் சாராயங் கலந்த அரக்குப் பாலீசைப் பஞ்சால் தேய்க்குங்கால் பஞ்சு ஊதா நிறம் பெறும். ஈட்டியின் நிறப்பொருள் சாராயத்திற் கரையும் தன்மையது. இதனைப் பாலீசு வேலை செய்வோர் அறிவர். கித்தார் செய்யும் மேனாட்டாரும் நன்கறிவர். வெண்மரத்தை ஈட்டியோடு பொருத்துமிடத்து ஊதாக்கறை படியாமற் காப்பது அவர்க்குப் பெருங்கவலை. ஆனால் புறப்பரப்பில் இச்சோதனை செய்தல் கூடாது. அங்கே கரைவது சாயமாகவும் இருக்கலாம். பழம்பொருளின் மெருகும் கெடும். சீவிய அகமரத்தின் துருவலைச் சிறு கண்ணாடிக் குப்பியிற் சாராயத்தில் இட்டுப் பார்ப்பதே முறை.

இத்துணையும் செய்த பின்னரும் ஐயம் எஞ்சுமாயின் பெங்களூரில் உள்ள மரஅறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வுக்கூடத்துக்குச் சிறு துண்டு ஒன்றை விடுத்து நுண்ணோக்கியால் தேர்ந்தறிதல் வேண்டும்.

சமவெளி அங்காடியில் ஈட்டியின் பெயரைச் சூடி நிற்பவை எவை? முதலாவது வாகை. வென்றோர் சூடிய பூவையுடைய இம்மரம் தன்னளவில் இழிந்ததன்று. வைரம் கரும்பழுப்பு, கோடுகள் அழகியன, நன்கு இழைத்தால் மேனாட்டு வால்நட்டை ஒக்கும். அறுக்குங்கால் எழும் தூள் தும்மலை விளைக்கும். 'தும்மினால் வாகை' என்று எம் தச்சர் நகைச்சுவையாகக் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் ஈட்டித்தூளும் சிலர்க்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தருதலால் அதனை அளவையாகக் கொள்ளற்க. இரண்டாவது தூங்குமூஞ்சி. அமெரிக்க வெப்பநாட்டினின்று வந்து சாலையோர நிழல்மரமான இது, சாக்கலேட்டுப் பழுப்பு வைரமும் மிகக் குறைந்த எடையும் உடையது.

மூன்றாவது வடநாட்டினின்று அறைகலனாகவே வந்திறங்கும் சீசம். இதனை 'இந்தியன் ரோஸ்வுட்' என்று விற்போர் முற்றிலும் பொய்யர் ஆகார். டால்பெர்ஜியா இனம் என்னும் அளவில் அப்பெயருக்கு அதற்கும் உரிமை உண்டு. வாங்குவோர் அச்சொல்லை ஈட்டி என்று மனத்துள் மொழிபெயர்த்துக் கொள்வதில்தான் பிழை நேர்கின்றது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக்கும் பலகையாகிக் கீழே வருவதுண்டு. அதற்குச் சாயமேற்றினும் ஆரக்கதிர்கள் பெரும்பெரும் செதில்களாய் மின்னித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

மரமல்லாதனவும் உண்டு. மரத்தூளை அழுத்திய பலகைமேல் ஈட்டியின் வரியை அச்சிட்ட தாள் ஒட்டப்படுகின்றது. ஒட்டுப்பலகைமேல் மெய்யான ஈட்டியின் மெல்லிய சீவலும் ஒட்டப்படுகின்றது. பின்னதில் மேற்பரப்பு ஈட்டியே, பொருள் ஈட்டியன்று. மேற்பரப்பில் ஓடும் கருங்கோடு பலகையின் விளிம்பைக் கடந்து முனைவெட்டிலும் தொடர்கின்றதா என்று நோக்கினால் போதும். திண்மரத்தில் தொடரும், ஒட்டியதில் விளிம்போடு நின்றுவிடும்.

தம்மம்பட்டி குறித்து ஒன்று கூறல் வேண்டும். சேலம் மாவட்டத்தின் கிழக்கே, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட இவ்வூரின் மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. கதவு, தேர்ப்பொம்மை, ஊர்தி, இறையுருவம் ஆகியவற்றை இவ்வூர்ச் சிற்பியர் வாகை முதலிய நாட்டு மரங்களிற் பெரிதும் செதுக்குகின்றனர். சிற்பியிடம் கேட்டால் மரத்தின் பெயரை மறையாது கூறுவார்; யாம் சென்றபோதெல்லாம் அவ்வாறே கூறினர். பொருள் கைமாறிக் கைமாறித் தொலைவிலுள்ள கடையை அடையும்போதே வாகை ரோஸ்வுட் ஆகின்றது. மைசூரில் ஈட்டிப் பலகையிற் பிற பொருள்களைப் பதித்து ஓவியம் செய்யும் மரபு நெடுங்காலமாக உண்மையின், செதுக்கிய கரிய மரமெல்லாம் ஈட்டி என்னும் எண்ணம் வாங்குவோரிடத்து வேரூன்றியிருத்தலும் ஒரு காரணம் எனலாம். தம்மம்பட்டிச் சிற்பத்தைப் பற்றி எழுதும் ஆய்வாளர் அதனை ஈட்டிச் சிற்பம் என்று எழுதுவாராயின், சிற்பியின் நேர்மையை ஏட்டில் அழித்தவர் ஆவர்.

இவ்வாராய்ச்சி சொல்லளவில் நிற்பதன்று. ஈட்டி மெல்ல வளர்வது. பெருமளவு வெட்டப்பட்டு அருகியது. அழியும் ஊறுபாட்டுக்கு உட்பட்ட மரமாக உலக இயற்கைக் காப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இடம்பெற்றது. 1994-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட ஈட்டிமரக் காப்புச் சட்டம், தனியார் நிலத்து மரத்தை வெட்டுதற்கும் அரசின் இசைவு வேண்டும் என்று விதித்தது. டால்பெர்ஜியா இனம் முழுதும் 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிற் சேர்ந்தது. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சீசப் பொருள் விற்கும் கைவினைஞர் இடர்ப்பட்டமையால் 2022-இல் பனாமாவிற் கூடிய மாநாட்டில் அதன் எடைக்கணக்கு தெளிவாக்கப்பட்டது. ஆகவே ஒரு பெட்டியை ஈட்டி என்பதற்கும் சீசம் என்பதற்கும் உள்ள வேறுபாடு இன்று அகராதியோடு ஒழியாது, சுங்கச்சாவடி வரை செல்லும். அரும்பொருட் காட்சிச்சாலைக்குப் பட்டியல் எழுதித் தருமாறு எம் துறையினரை அழைக்கும் வழக்கம் பெருகியுள்ளமையின் இதனைக் குறிப்பிட்டோம்.

பிழைகண்ட பின்னர் அவ்வாய்வேட்டின் பொருட்பட்டியலைக் கையிற்கொண்டு, கண்ணாடியும் சவர அலகும் உடன்கொண்டு, வீட்டாரின் இசைவு பெற்ற இடங்களுக்கு மீண்டும் சென்றோம். சிலர் சீவ இசைந்திலர். அது அவர் உரிமை. பாட்டியின் பெட்டியை ஈட்டியன்று என்று கேட்க விரும்பாமையும் இயல்பே. ஒரு வீட்டில் மூதாட்டியார் ஒருவர், "அது என்ன மரமா இருந்தா என்னங்க சாமி, எங்கூட்டுல அது ஈட்டிப்பொட்டிதான்" என்றார். அவர் கூற்றை யாம் அவ்வாறே எழுதிக்கொண்டோம். ஏனெனில் 'ஈட்டிப்பொட்டி' என்பது அவ்வீட்டில் ஒரு பெயர்ச்சொல். மரத்தைக் குறியாது பெட்டியின் மதிப்பைக் குறிக்கும் சொல். சமவெளியில் ஈட்டி என்பது கரியது, கனத்தது, பழையது, விலையுயர்ந்தது என்னும் பொருள்களைத் தாங்கும் அடையாகவே பல இடங்களில் நிற்கின்றது என்பதை அம்மூதாட்டியார் சொல்லே எமக்குக் காட்டிற்று. எம் முதல் முடிவு வாணிக வரலாறு பற்றியதாயிருந்தது. அதனை நிறுவப் போதிய பொருட்சான்று இல்லை. சொற்பொருள் விரிவு பற்றிய முடிவுக்கோ சான்று நிரம்ப உண்டு. மரப்பெயர் மதிப்புப்பெயராக மாறியமையே அது.

ஆகவே பட்டியலின் கட்டத்தை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் வீட்டார் வழங்கும் பெயர். மற்றொன்றில் கண்ணாடியால் கண்ட மரம். சிற்றலை வரிகளும் ஊதாச் சாயலும் ஒருங்கே புலப்பட்ட பொருள்களுக்கு மட்டும் இரண்டாங் கட்டத்தில் ஈட்டி என எழுதினோம். அவை முதற்பட்டியலிற் கண்டதினும் மிகக் குறைவு. தொட்டிலுக்கு எதிரே வாகை எனத் திருத்தப்பட்டது. இராசிபுரத்தை அடுத்த ஊரில் கண்ட ஊஞ்சற்பலகை ஒன்று மட்டும் எம் அளவைகளுக்கு அடங்கவில்லை. வரிகள் தெளிவாக உள்ளன, நிறமோ பொன்பழுப்பு, மேலே பல தலைமுறை எண்ணெய்ப்பூச்சு. சீசமா, இளைய ஈட்டியா என்று துணியக் கூடவில்லை. அதற்கு எதிரே 'டால்பெர்ஜியா, வகை தெளிவின்று' என்று எழுதி, துண்டு எடுக்க வீட்டார் இசைவை எதிர்நோக்கியிருக்கிறோம்.